அதிவேக ரயிலும் ஒரு செல்லாத பதிலும்

ரயிலைப் பற்றி எழுதித்தான் அந்த வருடங்களில் சம்பளம் வாங்கினேன். ஆனால் நான் ரயிலில் போகிறவள் இல்லை. பூச்சோங்கில் வீடு, கோலாலம்பூரில் அலுவலகம், இடையில் என் சின்னக் கார். கட்டடத்தின் அடித்தளத்தில் காரை நிறுத்தி, மின்தூக்கியில் ஏறி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் மாலைவரை வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது.

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் அதிவேக ரயில் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதில் யார் ஏறுவார்கள், எவ்வளவு கட்டணம் கொடுக்கத் தயாராக இருப்பார்கள் என்று மக்களிடம் கேட்டு எழுதும் வேலை எங்கள் சிறிய நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. கேள்விகளைத் தயாரித்தவள் நான். இவ்வளவு பணத்தைக் கொட்டிப் போடும் ரயில் கோட்டு சூட்டு போட்டவர்களுக்குத்தான் பயன்படும் என்பது என் எண்ணம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கேள்வி கேட்கப் போக வேண்டிய பெண்ணுக்கு ஒரு நாள் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக நானே போனேன். கிள்ளான் பக்கத்தில் ஒரு சின்ன நிலையம். கையில் ஒரு கட்டு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு பயணங்கள் இருக்கும். ஒன்று மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு. மற்றது வேகமாகப் போகும், கட்டணம் அதிகம். பயணி அட்டையைப் பார்த்து ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நடைமேடையின் கடைசி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் மல்லிகை, உதட்டில் கச்சிதமாகப் பூசிய சாயம், மடியில் கைப்பை. பக்கத்தில் போனபிறகுதான் கைப்பையின் மேல் மடக்கி வைத்திருந்த வெள்ளைக்கோலைக் கவனித்தேன். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. அதற்குள் அவரே, "யாரு? நின்னுட்டே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"அக்கா, புது ரயில் பத்தி ஒரு சர்வே. கொஞ்சம் டைம் கிடைக்குமா?"

"ரயில் வர இன்னும் நேரம் இருக்கு. கேளுங்க லா."

கடந்த ஒரு வருடத்தில் ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போனதுண்டா என்பது முதல் கேள்வி. மகள் ஜொகூர் பாருவில் இருக்கிறாள், நான்கு தடவை போய் வந்தேன் என்றார். நான் அட்டைகளை வாசித்தேன். முதல் அட்டையில் வேகமான ரயிலைச் சொன்னார். இரண்டாவதிலும் அதுவே. கட்டணம் ஏற ஏற, அவர் பதில் மட்டும் மாறவே இல்லை. கடைசி அட்டையில் இருந்த கட்டணத்தை நானே கொடுக்க யோசிப்பேன். சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன்.

"எனக்குக் கண்ணுதான் தெரியாது மா. கணக்கு நல்லாவே தெரியும்," என்றார்.

"அப்ப ஏன் அக்கா அவ்ளோ காசு கொடுக்கணும்? பஸ் இருக்கே."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார். பேருந்து பாதி வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிற்கும். ஒரு தடவை யாரோ ஒரு பெண் கைபிடித்துக் கழிப்பறை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். வெளியே வந்தால் ஏழெட்டுப் பேருந்துகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் ஒரே சத்தம். ஒருவரிடம் கேட்டு, அவர் காட்டிய பேருந்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அது மலாக்கா போகிற பேருந்து.

"மலாக்கா பஸ் ஸ்டேஷன்ல இறங்கி நிக்கிறேன். என் பேக் ஜொகூருக்குப் போயிருச்சு. என் மக அங்க என்னைத் தேடி அழுதுகிட்டு நிக்கிறா. இப்ப சொன்னா சிரிப்பா இருக்கு லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்கப்புறம் நான் நடுவுல இறங்குறதே இல்ல. முதல் நாள் சாயந்திரத்தோட தண்ணி குடிக்கிறத நிறுத்திருவேன். ஜொகூர் போய்ச் சேர்ந்து மக வீட்டுலதான் குடிப்பேன். டாக்டர்கூடத் திட்டினாரு. என்ன செய்ய? வேகமான ரயில்னா ஒன்றரை மணி நேரம்னு சொல்றீங்க. நான் சாதாரணமா தண்ணி குடிச்சுகிட்டுப் போய் வருவேன். அதுக்குத்தான் அந்தக் காசு."

பயண நேரத்தை நிமிடங்களாகவும் ரிங்கிட்டாகவும் பிரித்துத்தான் எனக்குப் பழக்கம். ஒரு பயணத்துக்காக ஒரு பெண் முந்தைய நாளே தாகத்தோடு படுக்கப் போகிறாள் என்பதை எழுத என் படிவத்தில் இடம் இல்லை.

ரயில் வந்தது. வேலை முடிந்துவிட்டாலும் அவரோடு ஏறினேன். ஏன் என்று கேட்டால் சரியான காரணம் தெரியாது. அவர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடை ஒன்றில் வேலை செய்கிறார். இறங்கி நடந்தோம். நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகளின்மேல் கோலைத் தட்டிக்கொண்டு வேகமாகப் போனார். அந்த ஓடுகளின்மேலேயே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நின்றன. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கைப்பிடி அவர் வயிற்றில் இடித்தது. அவர் நிற்கக்கூட இல்லை. கோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கி, காருக்கு ஒதுங்கி, மறுபடி ஏறினார். இப்படி ஐந்தாறு தடவை. அந்தத் தெருவில் நான் எத்தனையோ முறை மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். மஞ்சள் ஓடுகள் எதற்கென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அக்கா, அந்தப் பெரிய ரயிலுக்குப் போடுற காசுல இதையெல்லாம் சரி பண்ணலாமே? உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டேன். என் மனதில் இருந்த பதிலை அவர் வாயால் கேட்க ஆசை.

அவர் சட்டென்று நின்றார். "ஏன் மா ரெண்டுல ஒன்னுன்னு கேக்கறீங்க? உங்களுக்கு ரோடு வேணுமா, கார் வேணுமான்னு யாராவது கேட்டாங்களா?"

அவர் மறுபடி நடக்க, நான் பின்னால் போனேன்.

சில மாதங்கள் கழித்து, சேர்ந்த பதில்களை எல்லாம் கணினியில் வைத்து அலசிக்கொண்டிருந்தபோது, அந்த அக்காவின் பேட்டியைப் பார்க்கத் தோன்றியது. தேடினேன். இல்லை. நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். நாளைப் போட்டுத் தேடினேன். கடைசியில் 'செல்லாதவை' என்ற தனிக் கோப்பில் இருந்தது. காரணம் பக்கத்திலேயே எழுதியிருந்தது: 'பயணி அட்டையைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.'

அந்த விதியை எழுதியது நான். சோதனை ஓட்டத்தில், கேள்வி கேட்கப் போனவர்களில் சிலர் அட்டையைக் காட்டாமலே தாங்களாகப் பதில் நிரப்பிவிட்டார்கள். அவர்களைப் பிடிக்க வைத்த விதி. அட்டையைப் பார்த்தாரா என்ற கேள்விக்கு அன்று நடைமேடையில் 'இல்லை' என்று நானே நேர்மையாகக் குறித்திருந்தேன். மிச்சத்தைக் கணினி செய்துவிட்டது.

அந்தக் கோப்பில் இருந்த மற்றவர்களையும் படித்தேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவர். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா. மகளைப் பார்க்க, மருத்துவமனைக்கு, துக்கத்துக்கு என்று ஜொகூர்வரை பேருந்தில் போய் வருகிறவர்கள். இவர்களை நீக்கிவிட்டு மீதியைப் பார்த்தால், அதிவேக ரயில் கோட்டு சூட்டு போட்டவர்களுக்குத்தான் என்று நான் நினைத்தது அப்படியே சரியாக வந்தது. பார்க்க விரும்பியதை மட்டும் விடுகிற சல்லடையை நானே செய்து வைத்திருக்கிறேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நிதானமாகக் கேட்டார். "இந்தக் கொஞ்சம் பேரைச் சேர்த்தா முடிவு மாறுமா?"

"பெருசா மாறாது."

"அப்ப விடுங்க லா. வேணும்னா பின்னிணைப்புல ஒரு பக்கம் எழுதுங்க."

எழுதினேன். அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு கொரோனா தொற்று வந்தது. எல்லாம் அடைத்துக்கிடந்த காலத்தில், ஒரு புத்தாண்டு விடுமுறையன்று, இரண்டு நாடுகளும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டன என்று செய்தி வந்தது. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றது நினைவிருக்கிறது. எத்தனை வருட வேலை. ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசியில் மீம்ஸ் வர ஆரம்பித்துவிட்டன. வேண்டாம் என்று உள்ளூர நினைத்தவள்தானே நான்? மகிழ்ச்சி வரவில்லை. அந்த அக்காவின் முகம்தான் வந்தது.

கடைகள் மறுபடி திறந்தபின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அவர் வேலை செய்யும் கடை திறந்திருந்தது. குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். "சர்வே மா! பசியாறிட்டீங்களா?" என்றார். உட்கார வைத்து என் தோளைப் பிடித்துவிட ஆரம்பித்தார். ரயில் நின்றுபோனதை வானொலியில் கேட்டாராம். "சரி, காசு இல்லன்னா என்ன பண்றது. ஆனா நான் சொன்னத எழுதினீங்கதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அவர் கைகள் என் கழுத்தில் இருக்கும்போது என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

கைகள் நின்றன.

"செல்லாதுன்னா?"

"எடுத்துக்கல, அக்கா."

"அந்த ரூல் யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் துண்டை எடுத்துக் கைகளை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "அப்ப அன்னைக்கு என்னோட நடந்து வந்தீங்களே, அது எதுக்கு மா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "சரி, போங்க. அடுத்த ஆள் வெயிட் பண்றாங்க."

வெளியே நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். வேறு ஒருவரை அனுப்பினார். மூன்றாம் தடவை அவரே வந்தார். எதுவும் பேசாமல் பிடித்துவிட்டார். நான்காம் தடவை, மகளுக்குக் குழந்தை பிறந்த கதையைச் சொன்னார். அப்படித்தான் மெதுவாக, என்னை மன்னித்தாரா இல்லையா என்று ஒருபோதும் சொல்லாமல், பேச ஆரம்பித்தார்.

இப்போது ஜொகூர் பாருவரை மின்சார ரயில் ஓடுகிறது. அந்த ஒன்றரை மணி நேர ரயில் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் உள்ளேயே கழிப்பறை இருக்கிறது. நடுவில் இறங்கி ஏற வேண்டியதில்லை. அக்காவே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒரு தடவை கூட வாங்க. வழி பழகிட்டா அடுத்த தடவை நானே போயிருவேன்."

போனோம். வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நான் ரயிலில் போனது அதுதான் முதல் தடவை. சிரம்பானைத் தாண்டியதும் கேட்டேன், "இது போதும்தானே, அக்கா? அவ்ளோ செலவு பண்ணி அந்தப் பெரிய ரயில் எதுக்கு?" இந்த வயதிலும் எனக்குப் புத்தி வரவில்லை.

"நல்ல ரயில்தான். ஆனா போக ஒரு நாள், வர ஒரு நாள். கடையில ரெண்டு நாள் லீவு கேக்கணும். அது ஓடியிருந்தா காலையில போயி பேத்திய குளிப்பாட்டி, சோறு ஊட்டிட்டு, சாயந்திரம் கிள்ளானுக்குத் திரும்பியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா டிக்கெட் விலை நீங்க அன்னைக்கு வாசிச்ச மாதிரி இருந்திருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் போயிருப்பேன். அதையும் எழுதிக்குங்க."

அத்தனை கோடிக்கு அது தகுமா என்று என்னை இன்றைக்குக் கேட்டால், முதலில் மோட்டார் சைக்கிள்களை அந்த ஓடுகளிலிருந்து எடுக்கச் சொல்வேன், கிள்ளான் ரயிலை அடிக்கடி விடச் சொல்வேன். அது என் கருத்து. ஆனால் வேகம் பணக்காரர்களின் ஆசை என்று மட்டும் இனி என் வாயில் வராது.

ஜொகூர் பாரு நிலையத்தில் மகள் இன்னும் வந்து சேரவில்லை. காத்திருந்தபோது என் பழைய மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. அதிவேக ரயில் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது, புதிதாக ஒரு கணக்கெடுப்பு வரலாம், சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டிருந்தார். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"போங்க, நல்ல வேலைதானே," என்றார். பிறகு உதட்டுச் சாயத்தை விரலால் சரிசெய்துகொண்டே, "ஆனா என்கிட்ட கேக்க வேற ஆள அனுப்புங்க. நீங்க வராதீங்க," என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.