தொமாசா பார்க்க மறுத்த படம்

மெக்சிகோவின் ட்லாஷியாகோ ஊர்ப் பேருந்து நிலையத்தில் மக்காச்சோளக் கஞ்சி விற்கும் தொமாசா, வாழ்நாளில் பாதிக்குமேல் ஒரு புகைப்படத்துக்குப் பயந்தே கழித்தாள். அது அவளுடைய தலைப்பிள்ளை செவெரோவின் படம்.

செவெரோ பேச்சு வருவதற்கு முன்பே வயிற்றுப்போக்கு கண்டு செத்துப்போனான். ஊர் வழக்கப்படி, வானத்துச் சம்மனசுபோல வெள்ளை உடுப்பும் காகிதச் சிறகும் மாட்டி, பூவுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவே மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். மூலையில் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அழுதுறாத தொமாசா. சம்மனசோட சிறகு நனைஞ்சா புள்ள மேல போக முடியாது" என்று பிள்ளையின் ஞானத்தாய் பெர்த்தா காதோரம் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துக்கொண்டிருந்த அமாலியா ரிவேரோ வாசலில் வந்து நின்று, எடுக்கலாமா என்று கேட்டாள். தொமாசா தலையசைத்தாள். கேமரா சத்தமிட்ட அதே நொடியில் பிள்ளையின் இடது இமை துடித்தது.

"அசைஞ்சுது பெர்த்தா."

"மெழுகுவத்தி ஆடுதுடி. சும்மா இரு."

தொமாசா அப்போது சின்னப்பெண். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் புதைத்துவிட்டு வந்து, வெறும் மேசையைப் பார்த்ததும் அந்த இமை நினைவுக்கு வந்தது. உயிரோடு புதைத்துவிட்டோமோ?

கட்டியவனிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. பிறகு மகள் லிவியா பிறந்தாள். குழந்தை தூங்கும்போதெல்லாம் தொமாசா அதன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள், சந்தேகம் தீராமல் கிள்ளி எழுப்பினாள்.

அமாலியா நாளடைவில் பெரிய பேர் வாங்கினாள். அந்தப் படம் நாடு நாடாகப் போயிற்று. அவள் மறக்காமல் அனுப்பிவைத்த பிரதியைத் தொமாசா பிரிக்காமலே பெர்த்தாவிடம் கொடுத்துவிட்டாள். கஞ்சி குடிக்க வரும் ஓட்டுநர் ஒருவர் கிண்டலாக, "ஒம்மவன் பாரீசுக்கே போயிட்டான். நீ இன்னும் இங்க கஞ்சி ஊத்திக்கிட்டு நிக்கிற" என்பார். அவளுக்கோ வேறு கவலை. அந்தப் படத்தை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்பார்கள்? ஒருநாள் எவனாவது, இந்தப் பிள்ளைக்கு உயிர் இருக்கிறதே என்று சொல்லிவிட்டால்?

அமாலியா இறந்த வருடம் ஒஹாக்கா நகரத்து அருங்காட்சியகத்தில் அவள் படங்களை மாட்டினார்கள். லிவியா அங்கேதான் குடியிருந்தாள். அவளுடைய கைக்குழந்தையைப் பார்க்கப் போன தொமாசா, தூங்குகிற பிள்ளையை மூன்றாம் முறையாக உலுக்கினாள்.

"ஏம்மா நோண்டிக்கிட்டே இருக்க? தூங்க விடேன்."

 தொமாசா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். லிவியா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போய்ப் பாத்துருவோம்மா."

"வேணாண்டி. உசிரு இருந்துச்சுன்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?"

"இப்ப மட்டும் என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

அருங்காட்சியகச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது படம். தொமாசா மகளின் தோளைப் பிடித்தபடி முதலில் பூக்களைப் பார்த்தாள். அப்புறம் மேசை விளிம்பில் இருந்த தன் இளவயதுக் கையைப் பார்த்தாள். அதற்கு மேலே பார்வையைக் கொண்டுபோக முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, கண்ணத் தெற. ஈ."

"என்னது?"

"எடது கண்ணுல ஈ ஒக்காந்திருக்கு. அதுதான் அசைஞ்சிருக்கு."

தொமாசா கிட்டே போனாள். அரைக்கண் திறந்தபடி இருந்த செவெரோவின் இமை முடிமேல் ஈ ஒன்று சிறகைப் பாதி விரித்திருந்தது. ஒரு கால் கண்மணியிலேயே பதிந்திருந்தது. பிள்ளை முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. உயிருள்ள எந்தப் பிள்ளையும் அப்படிக் கிடக்காது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவலாளி ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவள் மகளின் கையை விடவேயில்லை.

"ஈதானடி அது?"

"ஈதாம்மா."

இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"நீயும் பாத்தல்ல?"

"பாத்தேம்மா. கால்கூடத் தெரிஞ்சுது."

தொமாசா தலையாட்டினாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறுபடி கேட்டாள்.