நீர்வண்ணத்தில் நின்ற உச்சி

வாசகரே, நீங்களே சாட்சி. தமிழர் நாங்கள் குடியேறிய தென்கடல் தீவு நாட்டில், லின்ஃபீல்டு என்ற புறநகரின் பள்ளி மண்டபத்தில் நடந்த பட்டிமன்றத்தின் முன்வரிசையில் உங்களை அமர்த்திக்கொள்கிறேன். தலைப்பு: ‘அன்றைய பயண ஓவியர் வரைந்தது கண்டதையா, விற்பதையா?’ விற்பதையே என்ற அணிக்கு நான் தலைவன்; இருபத்திரண்டு வயது; கல்லூரி மேடைகளில் தோற்றறியாதவன்.

குற்றவாளிக் கூண்டில் நான் நிறுத்தியவர், ஆங்கிலேயர் ஆட்சி இங்கே வேர்விட்ட காலத்தில் கப்பலேறி வந்த ஒரு நீர்வண்ண ஓவியர். வண்ணப்பெட்டியும் கம்பளியும் சுமந்து ஊர் ஊராக நடந்தவர். ஓடை நீரில் தூரிகை நனைத்து வரைந்ததை, இரவு தங்கிய இடத்திலேயே விற்று வயிறு வளர்த்தவர். எங்கள் நகரின் மவுண்ட் ஆல்பர்ட் குன்றை அவர் வரைந்த ஓவியத்தின் நகல் ஒன்று நூலகத்தில் எனக்குக் கிடைத்தது. அதில் உச்சி கூர்ந்து உயர்ந்திருந்தது. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கறிவேப்பிலைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் எடுத்த புகைப்படத்திலோ, அதே குன்று தட்டையாகக் கிடந்தது. இரண்டையும் திரையில் அருகருகே நிறுத்தினேன்.

“மலையை வளர்த்தார், விலையை வளர்த்தார்!”

மண்டபம் அதிர்ந்தது. எதிரணித் தலைவி எழுந்தார்; யாழ்ப்பாணத்து அக்கா, மருத்துவமனைத் தாதி.

“தம்பி, அந்த மலையில ஏறிப் பாத்தனீரோ?”

“பொய்யைப் பாக்க ஏறணுமா அக்கா? கீழ இருந்தே தெரியுதே!”

அதற்கு எழுந்த கைதட்டலில் வெற்றிக் கோப்பை எனதாயிற்று. வெளியே, கார் நிறுத்துமிடத்திலும் அவர் விடவில்லை: “கோப்பை கிடைச்சிட்டுது, ஓம். ஏறிப் பாத்திட்டு வந்து கதையும்.”

அவர் வாயை அடைக்க இன்னொரு புகைப்படம் வேண்டும் என்றுதான் சனிக்கிழமை காலை ஏறினேன். மேலே விரிந்ததொரு சமதளம். அதன் ஓரத்தில் ஒரு தகவல் பலகை. படித்தேன், மறுபடியும் படித்தேன். ரயில் பாதையில் பரப்பும் சல்லிக்காக இக்குன்றின் உச்சியையே வெட்டி எடுத்துவிட்டார்களாம்! ஓவியர் வந்தபோது உச்சி இருந்தது. நான் வந்தபோது இல்லை.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ உவகை! கைபேசியில் ஓவியத்தைத் திறந்து அந்தச் சமதளத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன். இல்லாத சிகரம் வானில் எழுந்து நின்றது. ஓவியத்தின் நீலத்தில் மழைத்துளி விழுந்து வெளுத்த புள்ளிகள் தெரிந்தன. கவனக்குறைவு என்று மேடையில் நான் நகையாடியவை அவை. தாளில் விழுந்த தூறலைக்கூட மறைக்காத மனிதரா ஒரு மலையைக் கூட்டி வரைவார்? கீழே, நகரத்தை நோக்கி ரயில் ஒன்று விரைந்தது. நாள்தோறும் பேச்சை ஒத்திகை பார்த்தபடி நான் போகும் பாதை! என்னை மறுக்கும் சான்று அந்தத் தண்டவாளத்தின் அடியிலேயே கிடந்திருக்கக்கூடும்.

அக்காவை அழைத்தேன்.

“அக்கா! மலைய வெட்டிட்டாங்க!”

“என்ன விசர்க்கதை தம்பி? ஆர் வெட்டினது, இப்பவோ?”

“இல்லக்கா, அப்பவே! அந்த ஓவியர் பாத்ததைத்தான் வரைஞ்சிருக்காரு. நான்தான் பாக்காம பேசிட்டேன்.”

“அப்ப கோப்பை?” என்று சிரித்தார்.

சமதளத்தில் நாய்களோடு நடந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, மேடைக்குரிய முழுக் குரலில் சொன்னேன்: “அடுத்த பட்டிமன்றத்தில், அவைக்கு வணக்கம் சொல்வதற்கும் முன்னால், கோப்பையை உங்கள் மேசையில் வைப்பேன். கண்டதையே அவர் வரைந்தார், காணாமலே நான் பேசினேன் என்று அறிவிப்பேன்!”