ஒரே ஒரு கட்டம்

என் மேசை மேல் ஒரு கல் இருக்கிறது. விரல் நீளம், உருளை வடிவம், சாம்பல் நிறம். குன்றைத் துளைத்து எடுத்த களிப்பாறைத் துண்டு. என்றோ சேறாக இருந்து இறுகியது. பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய கோடுகள் தாள்கள்போல் அடுக்கியிருக்கும். தொண்ணூறுகளில் இதைத் தந்தவர், அலோர் காஜாவில் மண், பாறைப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த ஓர் அக்கா. நான் அப்போது மலாக்காவில் தமிழ் நாளிதழ் நிருபர். காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். பொய்.

அக்கா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, ஒரு குன்றின் அடிவாரத்தை வெட்டி வரிசை வீடுகள் கட்டித் தருவதாக ஏற்பாடு. குன்றை ஒட்டிய கடைசி வரிசையில் அக்காவின் அம்மாவுக்கு ஒரு வீடு. அந்தக் குன்றின் கல்தான் அக்காவிடம் சோதனைக்கு வந்தது. கல்லின் ஒரு பக்கம் ஒலியைச் செலுத்தி, மறுபக்கம் சேரும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடுவது அவர் வேலை. அடுக்குகளின் போக்கிலே போன ஒலி விரைந்தது; குறுக்கே போன ஒலி தயங்கியது. களிமண்ணின் நுண்ணிய தகடுகள் எல்லாம் ஒரே வாக்கில் படுத்திருப்பதால் அந்தக் கல் ஒரு திசையில் விறைப்பு, இன்னொரு திசையில் இளக்கம். இரண்டு எண்களும் உண்மை. படிவத்திலோ ஒரே ஒரு கட்டம். அக்கா இரண்டையும் அதற்குள் நெருக்கி எழுதி, அடுக்குகள் வீடுகளை நோக்கிச் சாய்கின்றன என்று ஓரத்தில் குறித்தார்.

அந்த வீடுகளைப் பற்றிச் செய்தி எடுக்க நான் போயிருந்த அன்று மேலாளர் அந்தப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா, கல்லுக்கு ரெண்டு நாக்கா? ஒரு நம்பர் போடு லா."

"கல்லுக்கு ரெண்டு நாக்கு இல்ல சார். இந்த ஃபாரத்துக்குத்தான் ஒரே காது."

"நிருபர் தம்பி, பாத்தீங்களா தோட்டத்துப் பிள்ளையோட வாய!" என்றபடி சிறிய எண்ணையும் ஓரக் குறிப்பையும் அடித்தார்.

பின்னால் இருந்த தேநீர்க் கடையில் அக்கா ஒரு லாப்பிஸ் வாங்கினார். நிறம் நிறமாக அடுக்கிய அந்தப் பலகாரத்தை உரித்து உரித்துத் தின்னாத குழந்தை எங்கள் ஊரில் இல்லை. மேலிருந்து அழுத்தச் சொன்னார். தாங்கியது. பக்கவாட்டில் தள்ளச் சொன்னார். மேலடுக்கு வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது.

"சாஞ்ச அடுக்கோட அடியை வெட்டிட்டு, உள்ள மழைத்தண்ணியும் எறங்குனா? அங்கதான் தம்பி எங்கம்மா அடுப்பு வைக்கப் போறாங்க."

"சரிக்கா, ரெண்டு நம்பர்ல எது சரி?"

மேலாளரைப் பார்த்த அதே பார்வை. "ரெண்டும்தான்டா. நீயும் ஒரு கட்டம்தான் வச்சிருக்கியா?" என்று கேட்டு, இந்தக் கல்லை என் சட்டைப்பையில் போட்டார்.

ஒரு கட்டம்தான் வைத்திருந்தேன். நாளிதழில் ஒற்றைப் பத்தி. 'பாறை உறுதியானது' என்ற மேலாளரின் சொல் தலைப்பாயிற்று. அக்கா சொன்னதை நான்தான் வெட்டினேன், வாசகர்களுக்குப் புரியாதாம். லாப்பிஸ் தின்று வளர்ந்த வாசகர்களுக்கு!

குடியேறிய மறு மழைக்காலத்தில் குன்றின் முகம் ஒரே பலகையாய் வழுக்கி இறங்கியது. கடைசி வரிசையின் சமையலறைகள் புதைந்தன. அக்காவின் அம்மாவை உயிரோடு எடுத்தார்கள். அதன்பின் அவர் எழுந்து நடக்கவில்லை. விசாரணையில் சொன்ன காரணம், எதிர்பாராத மழை. மலாக்காவில் மழையை எதிர்பார்க்காதவன் யார்? அடித்த எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. புதிதாக எழுதிக் கொடுத்த படிவம் சுத்தமாக இருந்தது.

மருத்துவமனையில் அக்கா அழவில்லை, ஏசவில்லை. "நீ சரியாத்தான் எழுதுன தம்பி. கல்லு உடையவே இல்ல. முழுசாத்தான் வந்துச்சு" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மேலாளர் மீதான கோபம் இன்னும் ஆறவில்லை. என் மீதுள்ளது அதைவிட மோசம். அதற்கு நாள்தோறும் கண்ணாடியில் என் முகம் கிடைக்கிறது. இன்று காலையும் கல்லை மேலிருந்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. ஓரத்தில் நகம் வைத்தேன். ஒரு தகடு சத்தமில்லாமல் கழன்று கையோடு வந்தது.