ஏலக் குரலும் நனைந்த வேட்டியும்

எங்கள் தீவில் மீன் ஏலம் விடுவது என் தொழில். படகில் வந்த மீனைத் தரையில் கொட்டியதும் விலையைக் கூவத் தொடங்குவேன். வியாபாரிகளின் இரைச்சல், வண்டிச் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம் எல்லாவற்றையும் தாண்டி என் குரல் கேட்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து எழுப்புகிற குரல் அது.

அறுபது தாண்டியதும் எனக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மதுரையில் புராஸ்டேட் ஆபரேஷன் செய்தார்கள். அடைப்பு நீங்கிவிட்டது. ஆனால் சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு சிறுநீர் என் பிடியில் நிற்கவில்லை. இருமினால் சொட்டியது. கூடையைத் தூக்கினால் சொட்டியது. குரலை உயர்த்தினால் நனைந்தே போனது. நாளாக நாளாகச் சரியாகும், மறுபடி வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. வேட்டியிலேயே போய்விடுகிறது என்று எந்த வாயால் சொல்வது?

ஏலக்கூடத்தில் எப்படியோ சமாளித்தேன். அங்கே யாருடைய கைலியும் காய்ந்திருக்காது. நான் கறுப்புக் கைலிக்கு மாறினேன். பழைய துண்டைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். மீன் கவுச்சி மற்ற வாடையை அமுக்கிவிட்டது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதனால் எரிச்சல் வந்ததுதான் மிச்சம். என் துணியை நானே துவைக்கத் தொடங்கினேன். என் மனைவி ஒருமுறை கேட்டாள், "என்ன, புதுசா தொவைக்கிறீக?"

"கவுச்சி போக மாட்டேங்குது" என்றேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். கோயிலுக்கு வெள்ளை வேட்டிதான் கட்ட வேண்டும்.

ஆனால் அக்காள்மடத்தில் என் தங்கை பேரனுக்கு முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா வந்தபோது தப்பிக்க முடியவில்லை. கூடப் பிறந்தவன், போகாமல் இருக்க முடியாது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, துணியை இரட்டையாக மடித்து வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தேன். தங்கை புருஷன் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்பதற்குள் தொடையில் சூடாக இறங்கிவிட்டது.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி. கீழே மணலில் சொட்டுவது எனக்குத் தெரிந்தது.

"எந்திரிங்க மச்சான், எலை போட்டாச்சு" என்று அவர் என் கையைப் பிடித்தார்.

"பசி இல்ல. நீங்க போங்க, வாரேன்."

அவர் விடவில்லை, கையை இழுத்தார். அப்போது என் மகனைக் கட்டிய மருமகள் பந்திக்குத் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். நேரே என்னிடம் வந்தாள். ஜக் சாய்ந்து தண்ணீர் முழுவதும் என் மடியில் கொட்டியது.

"கை வழுக்கிருச்சு மாமா" என்றாள்.

என் தங்கை பாய்ந்து வந்தாள். "கண்ணு எங்கன இருக்கு ஒனக்கு? பெரிய மனுசன் மேல கொட்டிட்டு நிக்கிற?" நாலு பேர் பார்க்க ஏச்சு நீண்டது. மருமகள் தலையைக் குனிந்து நின்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நம்ப வேண்டுமே என்று, "பாத்து வரக் கூடாதாம்மா" என்று கடிந்துகொண்டேன். அன்று நனைந்ததைவிட அந்த வார்த்தைக்குத்தான் இன்றும் கூசுகிறேன்.

சில நாள் கழித்து, கொடியில் துணி காயப்போட்டபடி, என் பக்கம் திரும்பாமலே அவள் சொன்னாள்: "எங்க அய்யாவுக்கும் ஆபரேசனுக்குப் பெறகு இப்பிடித்தான் இருந்துச்சு மாமா. பயிற்சி குடுத்தாக, சரியாப் போச்சு. ஒருதடவ காமிச்சிட்டு வாங்க." அவ்வளவுதான் பேசினாள்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "இருமும்போது போகுதா, இல்ல அவசரமா வந்து பாத்ரூம் போறதுக்குள்ள போயிருதா?" இருமும்போதும் கத்தும்போதும் என்றேன். சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதித்தார், ஸ்கேன் எடுத்தார். சிறுநீர்ப்பைக்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற தசையை உறுதிப்படுத்தினால் பெரும்பாலும் சரியாகும் என்று சொல்லிப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கூட்டத்துல காத்துப் போகாம அடக்குவீங்கள்ல, அதே தசையத்தான் இறுக்கணும். வயித்த இறுக்காதீங்க, மூச்சப் பிடிக்காதீங்க. இறுக்கிட்டு நல்லா தளர விடணும். என்ன வேலை பாக்குறீங்க?"

"மீன் ஏலம்."

"அப்ப முதல்ல இறுக்குங்க, அப்புறம் கத்துங்க."

தண்ணீரைக் குறைக்க வேண்டாம், டீயைக் குறையுங்கள் என்றாள். சரியாகும்வரை ஈரத்தை உறிஞ்சுகிற பேடு வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதைத் தீவில் எந்தக் கடையில் கேட்பது என்று பயந்து, அங்கேயே வாங்கிப் பைக்குள் அடியில் வைத்தேன்.

வீட்டில் கட்டிலில் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள். "கண்ண மூடிக்கிட்டு என்ன பண்றீக?"

அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மூணாவது பிள்ள பெத்ததுல இருந்தே இருக்கு" என்றாள்.

பஸ்ஸில் தூரம் போக அவள் மறுப்பதும், பூசையில் கடைசி பெஞ்சில் வாசல் ஓரமாக உட்காருவதும் அதனால்தான். அவளுக்கு வெளியே போகச் சோம்பல் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க மட்டும் சொன்னீகளா? பிள்ள பெத்தவளுக்கு உள்ளதுதானேன்னு இருந்துட்டேன்."

அடுத்த வாரம் அவளை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கும் ஏறக்குறைய அதே பயிற்சிதான் சொன்னார்கள். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் படுத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் செய்தோம்.

மாதங்கள் ஆயின. எனக்கு முக்கால்வாசி நின்றுவிட்டது. வரத்து அதிகமாகி நெடுநேரம் கத்துகிற நாளில் மட்டும் ஒன்றிரண்டு சொட்டு போகும். அவளுக்கும் குறைந்தது. போன மாதம் பரமக்குடியில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறினாள். நான் நிறுத்தத்தில் நின்று அனுப்பிவைத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "சாயங்காலம் வந்துருவேன்" என்றாள். இத்தனை வருஷம் அவளுக்குச் சோம்பல் என்று சொல்லித் திரிந்த என்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.