மாடிப்படியில் எழுந்து நின்ற நோயாளி

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். துறைமுகத் தொழிலாளர்களுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்கும் வேலை கிடைத்த நாளிலிருந்து ஒரே கவலை, கை நழுவி யாரையாவது கீழே போட்டுவிடுவேனோ என்று. எழுபதுகளின் நடுவில், விபத்து வந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் ஒத்திகை பார்க்கப் போகிறோம் என டாக்டர் சொன்னதும் அந்தக் கவலை இரட்டிப்பானது.

நோயாளியாக நடிக்க வந்தவர், கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டும் அண்ணாச்சி. ஆள் இரண்டு உப்பு மூட்டை கனம். தொடையில் சிவப்பு மை பூசி, கால் ஒடிந்த மாதிரி சட்டம் வைத்துக் கட்டினோம். மாடியில் ஆபரேசன் அறை வாசலில் டாக்டர் கடிகாரத்தோடு நின்றார். நானும், ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிக்கும் என் ஜோடிக்காரரும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

படி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் முட்டி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எனக்குக் கை வேர்த்து வழுக்கியது.

“ஏலே, கொல்லப் பாக்குதியளா? இறக்குங்கலே,” என்றார் அண்ணாச்சி. கால்கட்டை அவிழ்த்து எழுந்தார். ஸ்ட்ரெச்சரைச் செங்குத்தாக நிமிர்த்தி, தானே திருப்பி வைத்து, மறுபடி படுத்துக்கொண்டு, “ஐயோ, என் காலு!” என்று முனகினார்.

திருப்பத்தில் நடந்தது தெரியாத டாக்டர், மேலே கடிகாரத்தைப் பார்த்துக் கை தட்டினார். எல்லாருக்கும் காப்பி வந்தது. நான் மட்டும் டம்ளரைத் தொடாமல் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே கால் ஒடிந்தவன் எப்படி எழுந்து நிற்பான்?

“சும்மா கெடலே. சொன்னா திரும்பவும் தூக்கச் சொல்லுவாரு,” என்றார் ஜோடிக்காரர். டாக்டர் அறை வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை உளறிவிட்டேன்.

டாக்டர் முகம் வாடியது. அப்புறம் சிரித்தார். “நாளைக்கு நானே படுக்கேன். நான் எந்திரிச்சா நீ டாக்டரு, நான் ஸ்ட்ரெச்சர் தூக்குதேன்.”

மறுநாள் அதே இடத்தில் அவரும் மாட்டிக்கொண்டார். படுத்தபடியே மேலே பார்த்து, “ஒட்டடை அடிச்சு எத்தன வருசமாச்சு?” என்றார். நாசரேத்துக்காரரான பெரிய சிஸ்டர் இறங்கி வந்து பார்த்தார். திருப்பத்தில் இன்னும் இரண்டு பேர் நின்று, படியின் கைப்பிடிக்கு மேலாக ஸ்ட்ரெச்சரை வாங்கித் தந்தால் தாண்டும் என்று கண்டுபிடித்தார். சீட்டு எழுதுபவரும் சமையல்காரரும் அந்த இடத்துக்கு. ஒடிந்த காலைப் பிடித்தபடி ஒரு நர்ஸ் கூடவே. சனிக்கிழமைதோறும் பழகினோம். ஜோடிக்காரர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், அடுக்கியிருந்த உப்பு மூட்டைகள் சரிந்து ஒருவர் தொடையில் விழுந்துவிட்டதென்று லாரியில் கொண்டுவந்தார்கள். பார்த்தால் அதே அண்ணாச்சி. இந்தத் தடவை சிவப்பு மை இல்லை. அவரவர் இடத்துக்கு ஓடினோம்; என் கை வழுக்கவில்லை. திருப்பம் வந்ததும் மனுசர், பழைய நினைப்பில், முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

“படுத்துக்கிடும் அண்ணாச்சி!” என்று ஐந்து பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

கைப்பிடிக்கு மேல் ஏறி, திரும்பி, ஆபரேசன் மேசைக்குப் போய்ச் சேர்ந்தார். கால் பிழைத்தது. அப்புறம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, “இந்தா நிக்கான் பாரும், கால் நெசமாவே ஒடிஞ்சா என்ன செய்யன்னு கவலப்பட்டே இவன் என் கால ஒடிச்சிட்டான்,” என்றார்.