செத்தது எந்தச் சுபாவம்?

மோகனூர் வாரச் சந்தையில் கருவாட்டுக் கூடைகளின் வாடை அடங்கி வெல்லத்தின் வாடை தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம் நின்றது. ஆற்றோரத்துச் சிறிய புராட்டஸ்டண்டு சபைக்கு உபதேசியாராக இருந்த என் அப்பா அதன் அடியில் நின்றுதான் சந்தைக்கு வந்தவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவார். இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முந்திய காலம் அது. பாட்டுப் பாட ஆள் வேண்டும் என்பதால் நானும் உடன் போவேன். என்னை ஊரில் "உபதேசியார் புள்ள" என்பார்கள்.

அந்த மாசியில் வாந்திபேதி வந்தது. கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு இருந்த கருப்பண்ணனின் ஒரே பையன் அதில் போய்விட்டான். அவர்கள் எங்கள் சபையார் அல்லர். ஆனாலும் அப்பா புதைகுழிவரை கூடவே போய், "உன் வலி தேவனுக்குத் தெரியும் கருப்பண்ணா, அவரே செத்துப் பார்த்தவர்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கருப்பண்ணன் ஆராதனைக்கு வரத் தொடங்கினார். பங்குனியில் அவருக்கும் மனைவிக்கும் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

அதற்கு முந்திய சந்தை நாளில், சேலத்திலிருந்து வந்த கத்தோலிக்க உபதேசியார் ஒருவர் எங்கள் புளியமரத்தடியில் நின்று "தேவமாதா" மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார். மரியாளிடம் பிறந்தது இயேசுவின் மனுஷ சுபாவம்தான், தேவனுக்குத் தாய் ஏது என்று அப்பா குறுக்கிட்டார்.

"ஏனுங்க உபதேசியாரே, உங்கம்மா பெத்தது உங்களையா, உங்க சுபாவத்தையா?" என்றார் வந்தவர்.

"கோவத்தைத்தானுங்க பெத்திருக்குது, மூஞ்சியப் பாருங்க!" என்று வெல்லக்காரர் ஒருவர் குரல் கொடுக்க, சந்தை சிரித்தது.

இயேசுவில் தேவ சுபாவம், மனுஷ சுபாவம் இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒரே ஆள் என்று சபையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். அன்று தோற்க மனமில்லாமல், அந்த ஒரே ஆளை எல்லோர் முன்னிலையிலும் இரண்டாகப் பிளந்தார். "அப்போ சிலுவையில தேவன் செத்தாரா? வலிச்சது மனுஷனுக்கு, செத்தது மனுஷன். தேவனை அது தொடவே இல்ல!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருப்பண்ணன் முன்னால் வந்தார். "ஏனுங்க சாமி, அப்ப அன்னிக்குச் செத்தது சாமி இல்லீங்களா?"

கேட்ட குரலில் இருந்த கெஞ்சல் எனக்கே விளங்கியது. வாதத்தின் சூட்டில் இருந்த அப்பாவுக்கு விளங்கவில்லை.

"உனக்கு யாருதான் சாமி இல்ல? நானும் சாமி, பண்ணையக்காரரும் சாமி, ஊட்டுல பெத்த பையனும் சாமி!"

மறுபடியும் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் குழந்தைகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். சிரித்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"ஆமாங்க. அந்தச் சாமியும் செத்துப்போச்சுங்க" என்றார் கருப்பண்ணன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாரேனுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காத்திருந்தோம், இருவரும் வரவில்லை. அப்பா தேடிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "மரியாதையாத்தான் பேசுனான். சாமீன்னுதான் கூப்புட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போனாள். நெடுநாள்வரை நான் கரும்புத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்; கருப்பண்ணன் என்னைப் பார்த்துவிட்டால் என்னையும் சாமி என்று கூப்பிடுவாரே என்ற கூச்சம்.

இன்று அந்தச் சந்தையில் சுபாவங்களைப் பற்றி வாதிட எவரும் இல்லை. அது போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. எங்கள் குடும்பத்தார் பெயர்கள் சபைக் கல்லறைகளில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கருப்பண்ணனின் பையனைப் புதைத்த மேட்டின்மேல் இப்போது சாலை போகிறது. அவன் பெயர் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அவனை அவன் தகப்பன் "சாமி" என்று கூப்பிட்டது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.