ஜனவரியில் வரப்போகும் பணம்

ஒரு கம்பெனியின் பழைய கணக்கைப் படித்து, அடுத்த வருடம் அதன் கைக்கு எவ்வளவு பணம் வரும் என்று சொல்வதுதான் என் வேலை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். வேலூரில் அம்மா எல்லாரிடமும் "பேங்க்ல இருக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். ஜோசியம் பார்க்கிறாள் என்று சொல்லியிருந்தால் உண்மைக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாக இருந்திருக்கும்.

போன வருடம், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் கணக்கு என்னிடம் வந்தது. நடத்துபவர் ஜீவனஹள்ளியில் இருக்கும் ஒரு பெண்மணி. அவருடைய வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. நாங்களும் கைவிரித்தால் மூட வேண்டியதுதான்.

"சம்பளம் ஒரு மாசம் தள்ளிப்போனாலும் ஆளுங்க போயிடுவாங்க மேடம். இந்த நாத்தத்துல இறங்கி வேலை செய்ய வேற யாரு வருவாங்க?" என்றார். கெஞ்சவில்லை. அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

என் மேலாளர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலந்துவிடும். கணக்கைப் புரட்டிய வேகத்திலேயே மூடினார். "நஷ்டம் காட்டுது. கடன் கழுத்து வரைக்கும் நிக்குது. பேடாம்மா, விட்டுடு. சும்னே டைம் வேஸ்ட்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டுமே எங்கள் எக்செல் சொன்னது. நஷ்டம் எங்கிருந்து வந்தது? புது பம்புகளின் தேய்மானம். வாங்கும்போதே காசு கொடுத்தாயிற்று. இப்போது கணக்கில்தான் கழிகிறது, கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. கடன்? குடியிருப்புச் சங்கங்கள் ஜனவரியிலேயே வருடம் முழுவதற்குமான பணத்தைக் கட்டிவிடுகின்றன. வேலையைச் செய்து முடிக்கும்வரை அது கணக்கில் 'பொறுப்பு' என்ற தலைப்பில் நிற்கும். எங்கள் எக்செல்லோ பொறுப்பு என்று கண்டதையெல்லாம் அள்ளிக் கடன் வரிசையில் கொட்டிவிடும். யாரோ எந்தக் காலத்திலோ போட்ட ஃபார்முலா. தொடுவதற்கு எல்லாருக்கும் பயம்.

"அது திருப்பிக் கொடுக்கிற கடன் இல்ல சார். வேலை செஞ்சு தீர்க்கிற பாக்கி," என்றேன்.

"சரிம்மா. வர்ற ஜனவரியில சங்கங்க திரும்பக் கட்டலன்னா?"

நியாயமான கேள்விதான். சும்மா விடுவேனா? முந்தைய வருடங்களின் கணக்குகளை எல்லாம் வரவழைத்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் முன்பணம் வந்திருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே. அதோடும் மனம் ஆறவில்லை. சனிக்கிழமைகளில் நான் தங்கியிருக்கும் ஈஜிபுராவிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சங்கம் சங்கமாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் தொடர்வோம் என்றார்கள், ஒருவரைத் தவிர. இருப்பதிலேயே பெரிய குடியிருப்பின் செயலாளர் அவர். "நாவு பேரே கம்பெனி நோட்தா இத்தீவி" என்றார் கன்னடத்தில். வேறு கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

அந்தப் பணம் வராது என்றே அறிக்கையில் எழுதினேன். கடன் தொகையும் சுருங்கியது. கம்பெனி நடத்தும் அந்த அம்மாள் வாங்க நினைத்திருந்த வேனுக்கு அதில் இடமில்லை. போனில் வெடித்தார்.

"ஆரம்பத்துலேருந்து எங்ககிட்ட இருக்கிறவங்க மேடம்! அவங்க போவாங்களா? எனக்காகப் பேசறீங்கன்னு நெனச்சேன். நீங்களும் அந்த வங்கிக்காரங்க மாதிரியே ஆயிட்டீங்க."

"அவங்க கட்டினா சந்தோஷம்மா. ஆனா கட்ட மாட்டாங்கன்னுதான் எழுதுவேன். வேன் இப்ப வேண்டாம்."

பட்டென்று வைத்துவிட்டார். வலித்தது. இவருக்காகத்தான் நான் ஆபீஸில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எண்ணை மாற்றவில்லை. கடன் கமிட்டியில் தேய்மானம், முன்பணம், அந்தச் செயலாளர் என எல்லாவற்றையும் சொல்லி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, சுருங்கிய கடனுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் எழுந்தேன். "உன் பிடிவாதம் தாங்கல தாயி," என்றார் மேலாளர்.

அதன்பின் அந்த அம்மாளிடமிருந்து பேச்சே இல்லை. தவணை மட்டும் ஒழுங்காக வந்தது. ஜனவரி முழுக்க போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னது பொய்த்தால் பெயர் கெடுவது எனக்கு. வேலை போவது மெஷினுக்குள் இறங்கும் அந்த ஆட்களுக்கு.

பிப்ரவரி முதல் தேதி காலை, மேம்பாலத்தில் ஆபீஸ் கேப் நகராமல் நின்றபோது மெசேஜ் வந்தது.

"பெரிய குடியிருப்பு போயிடுச்சு மேடம். மத்தவங்க எல்லாரும் கட்டிட்டாங்க. அந்த வேன் வாங்கியிருந்தா இன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காது. எல்லாருக்கும் சம்பளம் போட்டாச்சு."

கண் நிறைந்துவிட்டது. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவள் விழித்து "என்னாச்சு?" என்று பதறினாள். "சம்பளம் போட்டாச்சு," என்றேன். "முதல் தேதி போடத்தானே செய்வாங்க," என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பையைக்கூட வைக்காமல் நேராக மேலாளரிடம் போனேன். "சார், முன்பணத்தைக் கடன்னு காட்டுற அந்த ஃபார்முலா."

"காபி குடிச்சிட்டு வரேம்மா."

"மாத்திட்டுக் குடிக்கலாம் சார்," என்று அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.